கை நனைக்காத விருந்தாளிகள்

கார்த்திகை 24, திங்கள்

அகில உலகச் சமையற்கட்டுச் சக்கரவர்த்தியும், நூற்பாலை கேண்டீனில் ஒரே அண்டாவில் பத்து லட்சம் பேருக்குச் சாம்பார் வைத்துத் தாமிரபரணியைக் கணுக்கால் அளவுக்கு வற்றச் செய்தவனுமாகிய பூதலிங்கம் என்கிற நான், இன்று முதல் இந்த வீட்டின் சரித்திரத்தை எழுதத் தொடங்குகிறேன். இதுவரை எழுதாததற்குக் காரணம், இந்த வீட்டில் சரித்திரம் என்று எதுவும் நடக்காததுதான். இப்போது நடக்கப்போகிறது. புதன்கிழமை வடிவைப் பெண் பார்க்க வள்ளியூரிலிருந்து வருகிறார்கள்.

வடிவு என் அக்கா ஆவுடையின் ஒரே மகள். மண் பரிசோதனை நிலையத்தில் வேலை. விவசாயிகள் பொட்டலம் கட்டிக் கொண்டுவரும் மண்ணைப் பார்த்து அதற்கு என்ன குறை என்று சொல்வாள். மனிதரைப் பார்த்தும் சொல்வாள், வீட்டில் யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. தையில் கல்யாணம், மாசியில் விமானம். வடிவு வேலையை விட வேண்டும். இதையெல்லாம் தீர்மானித்தவர் அத்தான் சிதம்பரநாதன். அக்கா புருஷர், இந்த வீட்டுக்காரர், எனக்கு மாடியறையில் இடம் கொடுத்த வள்ளல், கொடுத்ததை நாள்தோறும் நினைவூட்டும் பெரிய வள்ளல். வடிவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “புதன்கிழம லீவு போடு.”

நான் சொஜ்ஜிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது வடிவு வந்து அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டாள்.

“மாமா, வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுல ஒண்ணுமில்ல. ஆனா சோறு மட்டும் போட்டுராதிய.”

“நான் எதுக்குப் போடுதேன்? சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி. சட்டம் அவ்வளவுதான்.”

“அப்பா போடச் சொல்லுவாவ.”

சொல்லுவார். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் சோறு தின்ன மாட்டார்கள். ஒரு கவளம் உள்ளே போனால் போதும். கை நனைத்துவிட்டார்கள், சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு மாற்றிப் பேசினால் தாலியை அறுத்த பாவம். எங்கள் ஜாதகங்களை எழுதுவது ஜோசியன் அல்ல, சோற்றுப்பானை.

“நீ உன் வாயால சரின்னு சொல்லுத வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தர் கை நனையாது. சக்கரவர்த்தி வாக்கு” என்றேன்.

“சக்கரவர்த்திக்கு ரவை கருகுது” என்றாள்.

கருகவில்லை. பொன்னிறம் கொஞ்சம் முதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கார்த்திகை 25, செவ்வாய்

மழை. என் ரவை வாசனை மேகம்வரை போய் அதற்கு நாவில் நீர் ஊறுகிறது என்று நினைக்கிறேன்.

கார்த்திகை 26, புதன்

வந்தார்கள். மூன்று பேர். அப்பா ஆறுமுகநயினார், பார்ப்பதற்கு நெற்குதிருக்கு வேட்டி கட்டியது போல. அம்மா பகவதி, பேச்சுக் குறைவு, கண் அதிகம். மாப்பிள்ளை தாணு, காரிலிருந்து இறங்கும்போதே நனைந்து, கடைசிவரை காயாமல் உட்கார்ந்திருந்தவன்.

நயினார் என் வாழைக்காய் பஜ்ஜியைத் தின்ற வேகத்தை எழுதினால் நாளைய தலைமுறை நம்பாது. தோப்பே காலியாகிவிட்டது என்று மட்டும் குறிக்கிறேன். “தம்பி, இதுக்கு என்ன போட்டிய?” என்று கேட்டார். “கடலைமாவும் கர்வமும்” என்றேன். சிரித்ததில் அவருக்குப் புரை ஏறியது. வடிவு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெண் பார்த்தல் அத்துடன் முடிந்தது.

“ஊருக்குப் போய் நாலு பேர்ட்ட கலந்துட்டுச் சொல்லுதோம்” என்று பகவதி அம்மாள் எழுந்தபோது, தெருவில் சத்தம். மேலக் கால்வாய் உடைந்துவிட்டது. நாங்கள் வாசலுக்குப் போவதற்குள் வாசல் எங்களை நோக்கி வந்தது. நயினாரின் கார் மெள்ள எழுந்து, ஒரு பெருமூச்சு விட்டு, எதிர்வீட்டுச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டது. சாலைகள் எல்லா திசையிலும் மூழ்கிவிட்டன என்று பக்கத்து வீட்டுக்காரர் அவர் மாடியிலிருந்து எங்கள் மாடிக்குக் கூவினார். கரண்டும் போனது.

ஏழு பேரும் மாடி ஏறினோம். என்னுடைய அறை, அதற்கு முன்னால் ஒரு சிறிய கூடம், மொட்டை மாடி, அங்கே அடுப்பு வைக்க ஒரு தகரக் கொட்டகை. இதுதான் இனி உலகம். கேஸ் சிலிண்டரை நானும் தாணுவும் இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வந்தோம். (நான் தூக்கினேன், அவன் பிடித்துக்கொண்டான். அவனிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.) அக்கா பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்கினாள். அவள் எதையெல்லாம் கொண்டுவந்தாள் என்று பார்க்க எனக்கு நேரமில்லை, அடுப்புக்கு முடிசூட்டிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரம் பசி வந்தது. அத்தான் தொண்டையைச் செருமினார்.

“ஆவுடை, இலையப் போடு. சோத்த வடி.”

 வடிவு என்னைப் பார்த்தாள். பகவதி அம்மாள் சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, “சோறெல்லாம் எதுக்கு. இன்னும் ஒண்ணும் பேசி முடிக்கல்லியே” என்றார்.

“வெள்ளத்துல என்ன முறை? எல்லாம் நம்ம ஆளுவதானே” என்றார் அத்தான். தூண்டிலில் புழுவை மாட்டியவனின் குரல் அது.

“இலைக்கட்டு வெள்ளத்துல போயிட்டு” என்றாள் அக்கா.

காலையில் நான் பார்த்தபோது அந்த இலைக்கட்டு பரண்மேல் இருந்தது. வெள்ளம் பரண்வரை ஏறி, பித்தளைப் பாத்திரத்தை எல்லாம் விட்டுவிட்டு, வாழை இலையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. இயற்கையின் விந்தை.

நான் எழுந்தேன். “மீதி ரவை இருக்கு. உப்புமா. டம்ளர்ல போட்டு ஸ்பூன்ல சாப்பிடலாம். ஸ்பூனால தின்னா கை நனையாது. கை நனையல்லன்னா முறை கெடல்ல. இது என் தீர்ப்பு.”

“சாமி காப்பாத்துச்சு” என்றார் நயினார்.

காலும் உடம்பும் நனைந்து, கை மட்டும் நனையாமல் மூன்று விருந்தாளிகள் உப்புமா தின்றார்கள். பெண்கள் மூவருக்கும் என் அறை. ஆண்களுக்குக் கூடம். நயினாரின் குறட்டையில் வெள்ளம் இரண்டு அடி பின்வாங்கியது.

கார்த்திகை 27, வியாழன்

காலையில் பகவதி அம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். “கட்டிலுக்கு அடியில கால் இடிச்சிட்டு” என்றார். என் கட்டிலுக்கு அடியில் காற்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. வயதானால் காற்றும் இடிக்கும் போலிருக்கிறது.

இன்றைய பெரும் பிரச்சினை ஸ்பூன் பஞ்சம்; நேற்று உப்புமாவுக்கு ஒற்றை ஸ்பூனை முறை வைத்துச் சமாளித்தோம். எங்கள் குலத்தில் கடவுள் கொடுத்த ஐந்து விரல் இருக்கும்போது யார் ஸ்பூன் வாங்கினார்கள்? மேலே கொண்டுவந்த சாமான்களை எல்லாம் கிளறியதில் கிடைத்தவை: சர்க்கரை டப்பா ஸ்பூன், ஊறுகாய் ஜாடி மரக்கரண்டி, கோயில் தீர்த்தம் கொடுக்கும் உத்தரணி, இருமல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் ஸ்பூன். உளுந்தங்கஞ்சி வைத்தேன். தோல் உளுந்தை வறுத்து, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, சுக்கு தட்டிப் போட்டு. அதன் மணத்துக்குச் செத்தவன் எழுந்து டம்ளர் நீட்டுவான்.

நயினாருக்கு மருந்து ஸ்பூன்தான் வாய்த்தது. யானைக்குக் கண்மருந்துத் துளி விடுவதுபோல் இருந்தது. வாய்க்கும் டம்ளருக்கும் நடந்து நடந்து அவர் கை ஓய்ந்துவிட்டது.

“வே, டம்ளரத் தூக்கி அப்படியே குடிச்சா முறைக்கு ஏதும் ஆவுமா?”

“குடிக்கலாம். பானம் தடையில்ல.”

“இத முன்னால சொல்லப்படாதா” என்று ஒரே மூச்சில் முடித்து, டம்ளரைக் கவிழ்த்து அடியைத் தட்டினார்.

தாணு உத்தரணியால் சாப்பிட்டான். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் அவனையறியாமல் தலை குனிந்தது. வடிவு அதைப் பார்த்துச் சிரித்தாள். அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். குடைக்கு அடியில் இரண்டு பேர், சுற்றிலும் தண்ணீர். தள்ளிவிட்டால் கேட்க நாதியில்லை.

“மாப்ளே, எதுக்கு இந்தக் கோமாளித்தனம்?”

“முறை அத்தான்.”

“முறைய எனக்குப் படிச்சுக் குடுக்காதேயும். திங்கள்கிழம மார்கழி பொறந்துரும். மார்கழில பேச்செடுக்க முடியாது. இப்ப உறுதி பண்ணல்லன்னா தையில கல்யாணம் நடக்காது, பையன் மஸ்கட்டுக்குத் திரும்பிருவான். வெள்ளம் நமக்குக் கொண்டாந்து விட்ட சம்பந்தம் இது. சோத்த வடிச்சுப் போடும். மீதிய நான் பாத்துக்கிடுதேன்.”

“வடிவுட்ட ஒரு வார்த்த...”

“அவ என்ன சொல்லுவா. பொம்பளப் பிள்ள.” ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தார். “நீரு இருக்கது என் வீட்டு மாடி. அத மறந்துராதேயும்.”

மறக்கவில்லை. இப்போது எல்லோரும் இருப்பது அதே மாடிதான் என்று சொல்ல நினைத்தேன். சக்கரவர்த்திகள் சில இடங்களில் பேசுவதில்லை.

கார்த்திகை 28, வெள்ளி

தண்ணீர் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து, இனி கண்ணை மூடினாலும் நயினாரின் மீசை தெரிகிறது. பேச்சு தீர்ந்துவிட்டது. நயினார் பிறந்ததிலிருந்து தின்ற கல்யாணச் சாப்பாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று மத்தியானம் தொடங்கினார், இன்னும் அவருடைய இருபதாவது வயதையே தாண்டவில்லை.

அத்தான் தானே களத்தில் இறங்கினார். கூட்டாஞ்சோறு போட வேண்டும் என்று உத்தரவு. ஒரே பானை, அரிசியும் துவரம்பருப்பும், கத்தரிக்காய், முருங்கைக்கீரை, புளி, கடைசியில் வடகம் தாளித்து. அதைக் கரண்டியால் தின்பவனைக் கடவுள் மன்னிக்க மாட்டார். சோற்றின் பெயரைக் கேட்டதும் நயினார் எழுந்து உட்கார்ந்தார். நான் தோற்றேன் என்றே நினைத்தேன்.

“அரிசிய எடு ஆவுடை.”

அக்கா நிமிரவே இல்லை. “அரிசி பூரா கீழ நனைஞ்சு போச்சு. புளிச்ச நாத்தம் அடிக்கி. அடுப்புல ஏத்த முடியாது.”

“டிரம்ம மேல கொண்டாரல்லியா?”

“என்னத்தன்னு கொண்டார? ஒரு ஆளு.”

புதன்கிழமை அவள் ஏறி இறங்கியபோது இடுப்பில் ஒரு டிரம் இருந்தது போல எனக்கு ஒரு ஞாபகம். பருப்பு டிரம்மாக இருக்கும். எனக்கும் வயதாகிறது. பகவதி அம்மாள் அந்த நேரம் பார்த்து முழங்காலைத் தடவிக்கொண்டு, “பாவம், பொம்பள எத்தனைதான் சுமப்பா” என்றார்.

ஆக, என் வாக்கு காப்பாற்றப்பட்டது. என் தவவலிமைக்கு வெள்ளம்கூடக் கட்டுப்பட்டு அரிசியை நனைத்துவிட்டது. இதை என் சாதனைப் பட்டியலில் சேர்க்கிறேன்.

மாவு கொஞ்சம் இருந்தது. குழாப்புட்டும் கடலைக்கறியும் செய்தேன். புட்டை விரலால் பிசையாமல் ஸ்பூனால் நசுக்குவது எவ்வளவு பெரிய துயரம் என்பதை நயினாரின் முகம் சொன்னது. “என் ஜென்மத்துல இப்படிப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பட்டினி கெடந்ததில்ல” என்றார். அவர் புட்டைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு வடிவு, தன்னால்தான் இந்தப் பட்டினி என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

கார்த்திகை 29, சனி

இன்று ஒரு போர் நடந்தது.

முற்பகலில் படகு வந்தது. யாரோ புண்ணியவான்கள், மழைச்சட்டை போட்டுக்கொண்டு, கயிற்றில் பைகளைக் கட்டி மாடி மாடியாக ஏற்றினார்கள். பால் பாக்கெட், மெழுகுவர்த்தி, பிறகு ஏழு பொட்டலம். பிரித்தால் தயிர்ச்சோறு.

சோறு.

அத்தானின் முகத்தில் சூரியன் உதித்தது. நாலு நாளில் இந்தப் பக்கம் உதித்த ஒரே சூரியன். ஒரு பொட்டலத்தைப் பிரித்து நயினார் மடியிலேயே வைத்தார்.

“சாப்பிடுங்க சம்பந்தி.”

 நயினாரின் விரல்கள் சோற்றுக்கு மேலே நின்றன. மாவிடிக்கும் உலக்கைகள் ஐந்து, நடுவானில். பகவதி அம்மாள், “ஏங்க” என்றார். அவ்வளவுதான், ஆனால் நயினாரின் கை அப்படியே உறைந்தது.

“இது நம்ம வீட்டுச் சோறு இல்லல்லா. இதுல என்ன முறை இருக்கு?” என்றார் அத்தான்.

“அப்ப எதுக்குச் சம்பந்தின்னிய?” என்றேன்.

“நீரு சும்மா இரும்.”

“சோறு வெளியூரு. கூரை யாரு கூரை? இந்த வீட்டுக் கூரைக்குக் கீழ எந்தச் சோத்தத் தின்னாலும் கை நனைஞ்சதுதான். வேணும்னா அண்ணாச்சி படகுல ஏறி உக்காந்து சாப்பிடட்டும்.”

“படகு போயிட்டே வே” என்றார் நயினார், அழாத குறையாக. “மொட்ட மாடில குடையப் பிடிச்சுக்கிட்டுத் தின்னா?”

“மொட்ட மாடியும் வீட்டுக்காரருக்குத்தானே பட்டா.”

அத்தான் எழுந்தார். “மாப்ளே, தண்ணி வடிஞ்ச உடனே உம்ம பெட்டியக் கட்டும்.”

  வடிவு எழுந்தாள். வாயைத் திறக்கப் போனாள். அவள் எனக்காகப் பயந்து சரி என்று சொல்லிவிடுவாளோ என்று கவலைப்பட்டேன். அப்போது அக்கா வந்தாள். கல்யாணமான நாள் முதல் அத்தான் எதிரில் குறுக்கே பேசாத அக்கா. நயினார் மடியில் இருந்த பொட்டலத்தின்மேல் மருந்து ஸ்பூனை வைத்தாள்.

“கரண்டி இருக்கு அண்ணாச்சி.”

நயினார் ஸ்பூனைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். தன் வீட்டுக்காரியைப் பார்த்தார். ஸ்பூனை எடுத்தார்.

தயிர்ச்சோற்றில் உப்பு போதாது என்பதையும் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

பிறகு நானும் அக்காவும் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் துவையலுக்கு எள் வறுத்தோம். அவள் எள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “என்னப் பாக்க வந்தன்னைக்கு இவுக அப்பாவுக்குப் பசி. நம்ம அம்மா சோறு போட்டா. நான் உள்ள மல்லி ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். வெளிய வந்து பாக்கேன், கை கழுவிக்கிட்டு இருக்காரு. அவ்வளவுதான்.”

எள் பொரிய ஆரம்பித்துவிட்டது. எள்ளை அதற்குமேல் விட்டால் கசக்கும். இறக்கிவிட்டேன்.

சாயங்காலம், எதிர்வீட்டுத் தென்னையிலிருந்து விழுந்து மிதந்துவந்த தேங்காய்களைத் தாணு கம்பால் இழுத்துப் பிடித்தான். உரித்து உடைத்து, வடிவு ஒன்றும் அவன் ஒன்றுமாகத் துருவினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. காது என்னுடையது, அது திறந்திருந்தால் நான் என்ன செய்ய.

“உங்கள்ட்ட ஒண்ணு கேக்கலாமா?” இது தாணு.

“கேளுங்க.”

“இதுல உங்களுக்கு இஷ்டமான்னு யாராச்சும் கேட்டாங்களா?”

துருவும் சத்தம் நின்றது. “இல்ல.”

“சரி. நான் கேக்கேன்.”

வடிவு தேங்காய் மூடியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

“எனக்கு வேலைய விட இஷ்டமில்ல. மஸ்கட் வர இஷ்டமில்ல. உங்க மேல குறை ஒண்ணுமில்ல.”

“தெரியும். உங்க மாமா ஒரு ஸ்பூனுக்கு இந்தப் பாடு படும்போதே தெரிஞ்சுது.” துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. “நான் சொல்லவா, நீங்க சொல்லுதீங்களா?”

“நானே சொல்லுதேன்.”

“சீக்கிரம் சொல்லுங்க. அப்பாவுக்கு உடம்பு இளைச்சுப் போச்சு.”

வெங்காயம் நறுக்கினால் கண்ணில் நீர் வரும் என்பது பழைய விஞ்ஞானம். முருங்கைக்காய்க்கும் வரும் என்பது என் கண்டுபிடிப்பு.

கார்த்திகை 30, ஞாயிறு

மழை நின்றது. தண்ணீர் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கியது. மாலைக்குள் டிராக்டர் வரும் என்று பக்கத்து மாடி கூவியது.

அத்தான் காலையிலேயே திருநீறு பூசி, துவைக்காத வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு மார்கழி. இன்னைக்கே ஒரு வார்த்த பேசி முடிச்சிருவோம்.”

“பேசிருவோம்” என்றார் நயினார். அவர் கண் அடுப்பின்மேல் இருந்தது.

“அப்பா” என்றாள் வடிவு.

“நீ உள்ள போ.”

“உள்ளன்னு ஒண்ணும் இல்லப்பா. இருக்கதே ஒரு ரூம்தான்.” அவள் அவரையே பார்த்துச் சொன்னாள். “எனக்கு இதுல சம்மதம் இல்ல. அவுகள்ட்டயும் சொல்லிட்டேன்.”

தாணு தலையை ஆட்டினான். அத்தான் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் வெந்து, தாளித்து, இறக்கப்பட்டேன்.

“அது சின்னப்பிள்ள. தெரியாமச் சொல்லுது” என்றார் பகவதி அம்மாளிடம்.

பகவதி அம்மாள் நகர்ந்து இடம்விட்டார். வடிவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“உறுதியாத்தான் சொல்லுதியா?”

“ஆமா அத்தை.”

“தண்ணி வடிஞ்சதும் மாத்திச் சொல்ல மாட்டியே? உங்கப்பா கோவிப்பாவ, உங்க மாமா பெட்டியக் கட்டணும்னு எதுக்காவும்?”

“மாட்டேன்.”

“சரி.” பகவதி அம்மாள் கையூன்றி எழுந்தார். “அப்ப இனி முறை ஒண்ணுமில்ல. சம்பந்தம் இல்லன்னு ஆனபொறவு சோத்துக்கு என்ன தடை? மதினி, அந்தக் கட்டிலுக்கு அடியில இருக்க அரிசி டிரம்ம இழுங்க. எனக்குப் பசிக்கி.”

நான் எத்தனையோ அமைதிகளைப் பார்த்தவன். ஆலையில் சம்பளம் இல்லை என்று அறிவித்த நாளின் அமைதியைக்கூடப் பார்த்திருக்கிறேன். இது அதைவிடப் பெரிது.

“டிரம்மா?” என்றார் அத்தான்.

“மொத நாளே என் முட்டுல இடிச்சிது. பக்கத்துல வாழ இலக்கட்டும் இருந்திச்சு. ஒருத்தி அரிசிய ஒளிச்சு வைக்கான்னா ஒரு காரணம் இருக்கும்லா. நான் எதுக்குக் கேக்க?”

அக்கா உள்ளே போய் டிரம்மை இழுத்து வந்தாள். அரிசி காய்ந்து கலகலவென்று இருந்தது. இலைகள் ஓரம் மட்டும் வாடியிருந்தன. அத்தான் அக்காவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக யாரோ என்று பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் அரிசி களையத் தொடங்கிவிட்டாள்.

இதற்குமேல் என் ஆட்சி. மிதந்துவந்த தேங்காய் அத்தனை மிச்சம் கிடக்கும்போது என்ன வைப்பேன்? சொதி. எங்கள் பக்கத்தில் அது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து. நடக்காத கல்யாணத்துக்கு மறுவீட்டுச் சாப்பாடு போட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். மூன்றாம் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வேக, இரண்டாம் பாலில் பாசிப்பருப்பு சேர்ந்து கொதிக்க, இஞ்சியும் பச்சைமிளகாயும் இடித்த சாறு இறங்கி, கடைசியில் முதற்பால் விட்டுக் கொதிவருமுன் இறக்கி, எலுமிச்சை பிழிந்தேன். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அந்த மணத்தில் மிச்ச வெள்ளமும் மயங்கி வடிந்தது. இதற்கு ஏழு பேர் சாட்சி.

இலை போட்டோம். நயினார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, செம்புத் தண்ணீரில் வலது கையைக் கழுவினார். நிதானமாக, விரல் விரலாக, கோயிலுக்குப் போகிறவர் போல. பிறகு சோற்றில் குழி பறித்துச் சொதியை விட்டு, பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

“பெண்ணுதான் இல்லன்னு ஆச்சு” என்றார் கண்ணைத் திறக்காமலே. “இந்த மாமனயாச்சும் குடுத்து விடுங்க.”

வடிவு சிரித்தாள். தாணு சிரித்தான். அவன் உத்தரணி இல்லாமல் சாப்பிடுவதை இப்போதுதான் பார்க்கிறேன், நன்றாகவே பிசைகிறான். பகவதி அம்மாள், “அத்தைன்னே கூப்பிடு. வார்த்தைல என்ன இருக்கு” என்று வடிவுக்குப் பச்சடி எடுத்து வைத்தார்.

அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கும் இலை போட்டாள். சோறு வைத்தாள். சொதி விட்டாள். பிறகு இலை ஓரத்தில் மருந்து ஸ்பூனை வைத்தாள்.

“கையா, கரண்டியா?” என்று கேட்டாள்.

வெகுநேரம் கழித்து அத்தான் ஸ்பூனைத் தள்ளி வைத்தார். செம்பை எடுத்துக் கையைக் கழுவினார்.

மார்கழி 1, திங்கள்

வள்ளியூர்க்காரர்கள் நேற்று மாலை டிராக்டரில் போனார்கள். நயினார் மடியில் ஒரு பாட்டில் இஞ்சிப் பச்சடி. சிம்மாசனத்தில் போகும் ராஜாவைப் போல் சேற்றில் ஆடி ஆடிப் போனார்.

காலை முழுக்கச் சேறு வாரினோம். என் பெட்டியைக் கட்டவா என்று அத்தானிடம் கேட்டேன். “மொதல்ல மண்வெட்டியப் பிடியும்” என்றார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கே இப்போது நிறைய இடம்.

வடிவைக் காப்பாற்றியது யார் என்று வருங்காலத்தில் கேட்பார்கள். சக்கரவர்த்தி பூதலிங்கம் என்று எழுதி வைக்கிறேன். அக்கா இந்தப் பக்கத்தைப் படித்தால் சிரிப்பாள். அவள் ஸ்பூன்களை எல்லாம் கழுவித் துடைத்து, துணியில் முடிந்து, டிரம்முக்குள் அரிசிக்கு நடுவில் புதைத்துக்கொண்டிருக்கிறாள்.

வடிவு நனைந்த செருப்பை வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் மண்வெட்டியை ஊன்றி நின்று, தொண்டையைச் செருமி, அவளிடம் சொன்னார்: “நாளைக்கு ஆபீசுக்குப் போணுமா?”

அந்த வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி இருந்தது. என் காதால் கேட்டேன்.